கேட்டில் நிற்கும் சொந்தக்காரர்

உங்களுக்கு 62 வயது முடிந்துவிட்டதா? அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிறதா? அப்படியென்றால் 80 டாலர் கட்டி ஓர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆயுசுக்கும் செல்லும். யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று மத்திய அரசின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கேட்டில் அட்டையை நீட்டினால் போதும், காரோடு உள்ளே விடுவார்கள். 62 ஆகாதவர்களுக்கும் அதே 80 டாலர்தான். ஆனால் ஒரே ஒரு வருஷத்துக்கு!

2017 ஆகஸ்ட் வரை பெரியவர்களுக்கு இது வெறும் 10 டாலர். ஏறப்போகிறது என்று தெரிந்ததும் கடைசி நேரத்தில் வாங்கி வைக்க முண்டியடித்தார்கள். சலுகை விலை என்றால் அங்கேயும் நம்மாட்கள் மாதிரிதான்.

முன்னாள் ராணுவத்தினருக்கு அந்த 80 டாலரும் கிடையாது. 2022 நவம்பர் முதல் ஆயுள் பாஸே இலவசம். உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கும் உண்டு. நிரந்தர உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் தனியாக ஓர் இலவச பாஸ்.

நல்ல விஷயம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கிற புத்தி.

முதலில் சிப்பாய் கணக்கு. சண்டையில் காலைக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு 35 டாலர் கேட் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, கடன் தீர்ந்தது என்று எழுத முடியுமா? எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். கடனுக்கு ஈடு என்று சொன்னால் அது அவமானம்.

ஆனால் இன்னொரு பழைய கணக்கு இருக்கிறது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது 1872ல். பூங்காக்களுக்கென்று ஒரு துறை பிறந்தது 1916ல்தான். 1886லிருந்து 1918 வரை யெல்லோஸ்டோனைக் காவல் காத்தது ராணுவம். கலிபோர்னியாவின் செக்வோயாவில், அந்த ராட்சச மரங்கள் நிற்கும் காட்டுக்கு 1903ல் வண்டிப் பாதை வந்ததும் கறுப்பினக் குதிரைப்படை வீரர்களின் உழைப்பால்தான். தலைமை தாங்கிய கேப்டன் சார்லஸ் யங்கும் கறுப்பர். ஊருக்குள் சமமாக உட்கார இடம் தராத காலத்தில், ஊர் முழுக்க மரம் பார்க்கப் போகப் பாதை போட்டுக் கொடுத்தார்! அதனால் சிப்பாய்க்கு கேட்டைத் திறந்துவிடுவதை சலுகை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காவல் காத்தவர்களின் வம்சம், வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

வயசுக் கணக்கு இடிக்கிறது. 62 வயதாவதற்கு யாரும் எதுவும் சாதிக்க வேண்டாம், சாகாமல் இருந்தால் போதும். பங்களாவும் இரண்டு காரும் வைத்திருப்பவர் அட்டையைக் காட்டிவிட்டு ஜம்மென்று போகிறார். பின்னால் ஓட்டை காரில் ஓர் ஓட்டல் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளோடு, 35 டாலரை எண்ணிக் கொடுக்கிறார். பெரியவர் காலமெல்லாம் வரி கட்டினாரே என்பீர்கள். சரி, இவரும்தானே கட்டுகிறார்?

பெரியவர் பக்கம் ஒரே ஒரு நியாயம் உண்டு. வேலை இருந்தபோது லீவு இல்லை. லீவு வந்தபோது முட்டி இல்லை. அந்த முட்டிக்காக வேண்டுமானால் தரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இவை இரண்டும் அல்ல, 2015ல் ஒபாமா கொண்டுவந்த நாலாம் வகுப்பு பாஸ். வீட்டில் நாலாவது படிக்கிற பிள்ளை இருந்தால், அதைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு வருஷம் முழுக்கக் குடும்பமே இலவசமாகப் போய்வரலாம். அந்தப் பிள்ளை போருக்குப் போனதில்லை, வரி கட்டியதில்லை. அப்பாவுக்கு என்ன சம்பளம் என்றும் கேட்பதில்லை. அந்த ஓட்டல் தொழிலாளிக்கும் அந்த ஒரு வருஷம் கேட் திறக்கிறது.

வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் 2026 ஜனவரி முதல் வருஷ பாஸ் 250 டாலர். அது இல்லாமல் போனால், பெயர்பெற்ற 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர். மகனைப் பார்க்க விசிட்டர் விசாவில் போகும் நம்மூர் அப்பாவுக்கு வயசு 72 ஆனாலும், நம் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவரானாலும், அந்த அட்டைகள் எதுவும் கிடைக்காது. எனக்கு இதில் கோபம் இல்லை. பராமரிப்பது அவர்கள் வரிப்பணம், சொந்தக்காரர்கள் குறைவாகக் கொடுக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் என்று எழுதும்போதுதான் பேனா கொஞ்சம் தயங்குகிறது. யெல்லோஸ்டோன் மலைகளில் பெருங்கொம்பு ஆடுகளை வேட்டையாடி ஒரு கூட்டம் வாழ்ந்துவந்தது. ஷோஷோனி இனத்தின் ஒரு பிரிவு. ஆடு தின்னிகள் என்றே அவர்களுக்குப் பெயர். பூங்கா என்று அறிவித்த சில வருஷங்களுக்குள் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். பிறகுதான் கேட் வந்தது, கட்டணம் வந்தது, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்ற பேச்சு வந்தது.