பாக்குத் தோப்பு நடுவே ஒரு நாடகப் பள்ளி

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், பாக்குத் தோப்புகள் சூழ்ந்த சிற்றூர் ஹெக்கோடு. 1949-ல் அங்கே கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் ஒரு நாடக மன்றம் தொடங்கினார்கள். நீலகண்டேஸ்வரர் பெயரில் அமைந்த அந்த மன்றத்தை எல்லோரும் அழைப்பது ‘நீநாசம்’ என்றுதான்.

வளர்ந்த பிறகும் மன்றம் நகரத்துக்குக் குடிபெயரவில்லை.

1980-ல் அங்கேயே நாடகப் பள்ளி வந்தது. 1985-ல் ‘திருகாட்ட’ என்ற பயணக் குழு கிளம்பியது. ஷேக்ஸ்பியரையும் காளிதாசரையும் கன்னடத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. சுப்பண்ணாவுக்கு 1991-ல் மகசேசே விருது.

கிராமத்தாருக்கு உலக நாடகமும் சினிமாவும் புரியுமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு (பெரும்பாலும் நகரத்தார்). சுப்பண்ணா வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1970-களிலேயே திரைப்படச் சங்கம் வைத்து, ‘பதேர் பாஞ்சாலி’, ‘ராஷோமோன்’ படங்களை ஊராருக்குத் திரையிட்டுக் காட்டினார்.