படகோட்டியின் பாட்டி பெயர்

துறைமுகம் கட்டப்படுமுன் கரைக்கு அப்பால் நின்ற கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகில் கரை சேர்த்தவர்கள் சென்னைப் படகோட்டிகள். ராயபுரத்தில் புனித ராயப்பர் ஆலயத்தை எழுப்பியதும் அவர்கள்தான். நிலமில்லாத குடும்பத்துக்குப் பட்டாவும் இல்லை, செப்பேடும் இல்லை. அவர்களின் முன்னோரைத் தேடுகிறவர் ஆலயப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். பங்குக்குருக்கள் திருமணப் பதிவேடு வைத்தாக வேண்டும் என்று 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. இங்கிலாந்தின் கிராமத்துக் கூலிகளுடைய வம்சம் இன்று தெரியவருவதும் 1538-இல் அங்கே தொடங்கிய பங்கு ஏடுகளால்தான். ஞானஸ்நானப் பதிவு ஒன்றில் குழந்தை, தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் எல்லோரும் இருப்பார்கள். ஆண்வழியே எண்ணும் வம்சக் கணக்கில் தொலைந்துபோகும் தாய் இங்கே பெயரோடு நிற்கிறாள். ஞானத்தாயோ ரத்த உறவாகவே இருக்க வேண்டியதில்லை. ஆகவே, ரத்தத்தைவிட, ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்று முன்வந்ததே ஒருவரை முன்னோராக்குகிறது என்பேன்.

பதிவேடு அதிகாரத்தின் கருவிதானே, அதில் ஏறாதவர் கதி என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏறியவர்களிலும் அந்தோணி, சூசை, மரியாள் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து குழப்பும். (அந்தக் குழப்பத்தில் ஒரு ஜமீன்தாரைச் செருகிவிடும் ஆசை பலருக்கு வரும், பாட்டனுக்கு அதைவிட அவமரியாதை வேறில்லை.) ஆனால் ஏடு முடியும் இடத்தில் முன்னோருக்கான கடன் முடிவதில்லை. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைத்தபின், யாருமற்றுப் போனவர்களுக்கும் நீர் விடுகிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கத்தோலிக்கர் செய்யும் ஜெபமும் பெயர் தெரிந்தவர்களோடு நிற்பதில்லை.