தரிசும் உபரியும்

சில சொற்கள் கணக்கேட்டில் எளியனவாய்த் தோன்றும். அறத்தின் துலாக்கோலில் அவற்றின் எடையே வேறு. ‘தரிசு’, ‘உபரி’ என்பன அத்தகையவை. பயிர்களிலிருந்து எரிபொருள் வடிக்கும் நம் நாட்டு முயற்சி பெரிதும் இவ்விரு சொற்களின்மேல் எழுந்ததாகும்.

முயற்சியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகின்றது. அச்செலவில் ஒரு பகுதியேனும் கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நம் உழவர் கைக்குச் சேருமாயின் நன்றே.

ஆயின், 2003-இல் திட்டக்குழு அமைத்த குழு, தரிசு நிலங்களில் காட்டாமணக்குப் பயிரிடப் பரிந்துரைத்தது. எவர் கண்ணுக்குத் தரிசு? ஏட்டில் தரிசான நிலம் ஆடு மேய்ப்பார்க்கு மேய்ச்சல் வெளி. ஏழைப் பெண்டிர்க்கு விறகு தரும் காடு. ஆடும் தின்னாத அச்செடி, நீரின்றிப் போதிய விதையும் தரவில்லை. 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு கலக்கும் இலக்கு கைகூடவில்லை.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கோ 2025-இல் எட்டப்பட்டது. இதன்பொருட்டு உணவுக் கழகத்தின் உபரி அரிசிக்கு 2020-இல் இசைவு தரப்பட்டது. 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 2024-இல் மீண்டும் தரப்பட்டது. உபரியின் நிலையாமை இதனால் விளங்கும்.

ஒரு டன் அரிசி ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் தரும். காரின் 40 லிட்டர் தொட்டியில் எத்தனால் 8 லிட்டர். அதை அரிசியிலிருந்தே வடித்தால் சுமார் 18 கிலோ வேண்டும். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவர்க்கு மாதந்தோறும் அளிப்பது 5 கிலோ. ஒருமுறை தொட்டி நிரம்ப, மூவரின் மாதப் பங்கிற்கு மேல் செல்கின்றது!

கிடங்கில் மக்குவதை எரித்தால் என்ன என்பர். உண்டு மிஞ்சியது வேறு. வாங்க இயலாமையால் மிஞ்சியது வேறு. முன்னதே உபரி, பின்னது பசியின் மறுபெயர் அன்றோ?

எனவே வரிசை வேண்டும். முதலில் வயிறு, அடுத்துக் கால்நடை, பின்னரே வண்டி. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகும், வயலில் கொளுத்தப்படும் வைக்கோலும் எரிபொருளாகட்டும். 2022-இல் பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலை திறக்கப்பட்டதை நாம் வரவேற்கின்றோம்.

ஊர்விட்டு வந்த நம்மில் பலரது காணி நிலமும் இன்று தரிசெனவே பதிவாகியிருக்கக் கூடும். அது வீணன்று என்பதை நாம் அறிவோம். நம் நிலத்துக்கு நாம் வேண்டும் நீதியைப் பிறர் நிலத்துக்கும் வேண்டுவதே அறம்.