மலைநாட்டுக்கு நடந்த வழி



நறுவிலிக்குளத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு மலை என்பது வேதாகமத்தில் மட்டும் வருகிற ஒரு சொல். சீனாய், நேபோ, கர்மேல், தாபோர், ஒலிவமலை என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். ஆனால் கோயில் வாசலில் நின்று நாலு திசையும் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது வயலும் பனையும் வங்காலைப் பக்கத்து உப்புவெளியும், அதற்கப்பால் கடலுந்தான். குளக்கட்டில் ஏறி நின்றால் அதுவே நமக்கு உயரம். நம் ஊர்ப் பெயரே ஒரு மரத்தையும் ஒரு குளத்தையும் சேர்த்து வைத்த பெயர் அல்லவா? அதில் மலைக்கு இடமில்லை.

ஆனாலும் மலை நம்மைவிட்டு அவ்வளவு தூரத்தில் இல்லை. நம் பகுதி வயல்களுக்குத் தண்ணீர் தரும் கட்டுக்கரைக்குளத்தை நிரப்புவது அருவியாறு. மல்வத்து ஓயா என்று சிங்களத்தில் வழங்கும் அந்த ஆறு, ரிட்டிகல, இனாமலுவ மலைப்பக்கங்களில் தொடங்கி ஏறக்குறைய 164 கிலோமீற்றர் ஓடி நம் கரையில் கடலோடு சேருகிறது. ரிட்டிகல 766 மீற்றர் உயரம். நாம் அறுத்து அடித்துக் கோயிலுக்குப் புதிர்நெல் கொண்டுபோகும்போது, காணாத ஒரு மலையின் மழையையும் சேர்த்தே கொண்டுபோகிறோம்.

சென்ற 2024 மார்கழி முதல் 2025 வைகாசி வரை, சிவனொளிபாதமலைப் பருவம் முழுவதும், நேரம் கிடைத்தபோதெல்லாம் நம் இளைஞர் சிலரோடு மலைநாட்டுப் பாதைகளில் நடந்தேன். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி விசாகத்தோடு முடிகிற பருவம் அது. அந்த நடைகளில் மனத்தில் தைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். காட்சிகளை வருணிக்கப் போவதில்லை. படம் பிடித்துக் காட்டுவதற்குத்தான் இப்போது எல்லார் கையிலும் கருவி இருக்கிறதே.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் 5,000க்கு மேற்பட்ட படிகள். நள்ளிரவில் தொடங்கினால் விடியலுக்கு முன் உச்சி சேரலாம். ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பார்கள்; ஆகவே மன்னார் வெயிலுக்குத் தைத்த சட்டையோடு போகிறவன் உச்சியில் நடுங்கத்தான் வேண்டும். எங்கள் பையன்களில் ஒருவன் படுக்கை விரிப்பையே போர்த்திக்கொண்டு நின்றான்.

இந்த மலைக்குக் கத்தோலிக்கர் போகலாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பௌத்தர் அங்கே புத்தரின் பாதம் என்கிறார்கள், இந்துக்கள் சிவனின் பாதம் என்கிறார்கள், இஸ்லாமியர் ஆதாமின் பாதம் என்கிறார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் புனித தோமையாரின் பாதம் என்று சொன்னோரும் உண்டு. 1344இல் இபுன் பதூதா என்ற அரபு யாத்திரிகர் இதில் ஏறி, பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாதம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் போகவில்லை. ஆனால் இந்தத் தேசத்தில் நான்கு சமயத்தாரும் ஒரே படியில் மூச்சு வாங்குகிற இடம் வேறு எத்தனை இருக்கின்றன? ஏறுகிறவரைக் கண்டால் இறங்குகிறவர் 'கருணாவை' என்று வாழ்த்துகிறார். யார் எவர் என்று பார்ப்பதில்லை. நம் நாட்டின் கடந்த நாற்பது ஐம்பது வருடங்களை நினைத்துப் பார்க்கிறவனுக்கு, இருட்டில் முகம் தெரியாத ஒருவர் சிங்களத்தில் சொல்லும் அந்த ஒரு சொல் சிறியதல்ல.

வழியிலே சில இடங்களில் இலவசமாகத் தேநீரும் பணிசும் கொடுக்கிறார்கள். ஓரேபு மலைக்கு நடந்த எலியா இறைவாக்கினரை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் மனம் சோர்ந்து செடியின் கீழ் படுத்துவிட்டார். சாக வேண்டும் என்று கேட்டார். வானதூதர் வந்து முதலில் என்ன செய்தார்? புத்தி சொல்லவில்லை, கண்டிக்கவுமில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்பினார். அதை உண்ட பிறகே அவர் நாற்பது நாள் நடந்தார். மலையில் கடவுளுடைய மெல்லிய குரலைக் கேட்டார். நம் வீடுகளில் சோர்ந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு நாம் முதலில் எதைக் கொடுக்கிறோம், அப்பத்தையா, உபதேசத்தையா? பெற்றோர் தாங்களே விடை சொல்லிக்கொள்ளட்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பது மலைக்குப் போகாதவர்களுக்குத் தெரியாது. ஏறும்போது நெஞ்சு அடைக்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போதோ உடலின் பாரம் முழுவதையும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குவதால், ஒவ்வொரு படியிலும் முழங்கால் அடி வாங்குகிறது. மறுநாள் கட்டிலிலிருந்து இறங்குவதற்கும் ஆள் பிடிக்க வேண்டும். உருமாற்ற மலையிலே கூடாரம் அடித்துத் தங்கிவிடலாம் என்று இராயப்பர் ஆசைப்பட்டதன் நியாயம் எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆனால் ஆண்டவர் இறங்கினார். அடிவாரத்தில் வலிப்பு நோய்கொண்ட ஒரு பிள்ளையும், அழுதுகொண்டு ஒரு தகப்பனும் காத்திருந்தார்கள்.

எங்களுக்கு அடிவாரத்தில் யார் காத்திருந்தார்கள் என்று சொல்கிறேன்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பகுதிகளைச் சுற்றி நுவரெலியா பீதுறு தோட்டத்தில் முடிகிற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை ஒன்றை அண்மைக் காலத்தில் அடையாளமிட்டிருக்கிறார்கள். பீக்கோ ட்ரெயில் என்று பெயர். 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெளிநாட்டார் பலர் வருகிறார்கள். நாங்கள் அதில் சில பகுதிகளை மட்டும் நடந்தோம். தேயிலை மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து போகும் அழகான பாதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது புதுப் பாதையல்ல. கொழுந்துக் கூடையும் கோப்பி மூடையும் சுமந்த கால்கள் நூறு, நூற்றைம்பது வருடங்களாக மிதித்து மிதித்துப் போட்ட பாதை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கரில் முதன்முதலாக வர்த்தகத்துக்கென்று தேயிலை நட்ட லூல்கந்துரைத் தோட்டமும் அந்த வழியில்தான் இருக்கிறது. அவர் பெயர் எல்லா நூலிலும் உண்டு. காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் பெயர் எங்கே?

ஹப்புத்தளைப் பக்கத்தில் ஒரு வளைவில் இளைப்பாற நின்றோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, “எங்கேருந்துங்க வர்றீங்க?” என்று கேட்டார்.

“மன்னாரில இருந்து அம்மா.”

“மன்னாருங்களா? எங்க பாட்டனோட பாட்டன் அந்தப் பக்கமாத்தாங்க நடந்து வந்தாராம்” என்றார். அவ்வளவுதான். மீண்டும் குனிந்துகொண்டார். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ என்று கணக்கு இருக்கிறது. நின்று கதைக்க நேரம் ஏது?

அந்த ஒரு வாக்கியம் எங்களோடு இறங்கி வந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய 1820களிலிருந்து, தமிழகத்தின் வறண்ட கிராமங்களில் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிய மக்கள் தோணியேறி இறங்கியது நம்முடைய கரையில். தலைமன்னார் முதல் அரிப்பு வரையுள்ள இந்த மணலில் கால் வைத்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டைக் கால்நடையாகக் கடந்தார்கள். தண்ணீர் இல்லை. காலராவும் அம்மையும் மலேரியாவும் உண்டு. நடக்க மாட்டாதவர்களை வழியிலேயே விட்டுப்போன கதைகள் உண்டு. கல்லறை இல்லை, சிலுவை இல்லை. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுஷ்கோடிக் கப்பலும் வரும்வரை இலகுவான வழி இருக்கவில்லை. நாங்கள் பருவத்துக்குப் பருவம் இன்பத்துக்காக நடக்கிற மலைக்கு, அவர்கள் பிழைப்புக்காக நம் வாசலிலிருந்து நடந்து போனார்கள்.

வேதாகமத்தில் மலைநாட்டுக்கு நடந்த ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். கலிலேயா நாசரேத்திலிருந்து யூதேயா மலைநாட்டுக்கு, கருவில் பாரம் தாங்கி விரைந்து போன நம் அன்னை. அவர் காட்சி காணப் போகவில்லை. வயது சென்ற எலிசபெத்தம்மாளுக்கு ஊழியம் செய்யப் போனார், மூன்று மாதம் தங்கினார். மடுத்திருப்பதியின் ஆடித் திருவிழா நாளான ஆடி 2, பழைய நாட்காட்டியில் இந்தச் சந்திப்பின் திருநாள்தான். 1969இல் திருநாட்காட்டி திருத்தப்பட்டபோது அது வைகாசி 31க்கு மாறியது. நம்முடைய விழா மாறவில்லை. மடு அன்னையை நாம் காட்டின் நடுவே தேடிப் போகிறோம். மாத்தளைக்கு நடந்த அந்தப் பெண்களும் மடுக் காட்டுக்குத் தொலைவில்லாமல்தான் நடந்தார்கள். அவர்களில் கர்ப்பிணிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! வாசலில் நின்று வாழ்த்தி வரவேற்க அவர்களுக்கு ஓர் எலிசபெத்து கிடைத்தாரா?

பின்னாளில் நடந்ததும் தெரிந்ததே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஐப்பசி 30இல் எழுதிய ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. பெட்டியும் படுக்கையுமாகக் குடும்பங்கள் திரும்பிப் போனதும் இதே தலைமன்னார் வழியாகத்தான். எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டவர்களில் பலர் வன்னிக்கும் மன்னாருக்கும் வந்து குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று நம்மோடு ஒரே வாங்கில் திருப்பலி காண்கிறார்கள்.

இங்கேதான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. கலியாணப் பேச்சு வரும்போது, காணிச் சண்டை வரும்போது, நம் வாயில் 'தோட்டக்காட்டார்' என்றொரு சொல் வருகிறது. தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், இப்போது பத்து வயதுப் பிள்ளையும் சொல்கிறது. அந்தத் தோட்டத்துக்கு வழி நம் முற்றத்தால் போயிற்று என்பதை அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா? 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைத்து, கிறிஸ்தவ அமைப்புகளும் மலையக அமைப்புகளும் ஆடி 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஆவணி 12இல் மாத்தளையில் முடித்த நடைபயணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கொளுத்தும் வெயிலில் வயது போனவர்களும் நடந்தார்கள். அதைப் பார்க்கக் கூட்டிச்சென்ற பெற்றோரை நான் மெச்சுகிறேன்.

இளைஞரே, உங்களுக்கென்று ஒருவரைச் சொல்ல வேண்டும். 2025 புரட்டாதி 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய இத்தாலிய இளைஞர் பியர் ஜோர்ஜியோ பிரசாத்தி பெரிய மலையேறி. பத்திரிகை அதிபரின் மகன். ஆனாலும் புகையிரதத்தில் மூன்றாம் வகுப்பில் போய், மிச்சப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார். 1925இல் 24 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். அடக்கத்துக்குத் திரண்டு வந்த தூரின் நகர ஏழைகளைக் கண்டபின்தான், மகன் மலைக்குப் போகாத நாட்களில் எங்கே போனான் என்பது வீட்டாருக்கு விளங்கியது.

எங்கள் பருவம் முடிந்து ஆறு மாதத்தில், 2025 கார்த்திகை இறுதியில், டித்வா புயல் வந்தது. மன்னாரில் வெள்ளம், மலைநாட்டில் மண்சரிவு. நாங்கள் நின்று படமெடுத்த மலைச்சரிவுகள் போன்றவற்றின் கீழேதான் லயன்கள் இருக்கின்றன என்பதை அப்போது செய்தியில் பார்த்து விறைத்துப்போனோம். 2014 ஐப்பசி 29இல் கொஸ்லந்தை மீறியபெத்தையில் லயன்களை மண் மூடியதை மறந்திருந்தால், இது நினைவூட்டியிருக்கும். செங்குத்தான சரிவுக்குக் கீழே யார் விரும்பி வீடு கட்டுவார்? காணி உரிமை இல்லாதவர் கொடுத்த இடத்தில்தான் இருப்பார்.

அடுத்த பருவத்தில் குடும்பமாகப் போக விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. கம்பளிச் சட்டையும் ஒரு கைத்தடியும் அவசியம், தடி இறங்குவதற்கு. கனமழை பெய்தால் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். ஹோட்டன் சமவெளிக்குப் போனால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், காலை ஒன்பது பத்து மணிக்குள் உலக முடிவைப் பனிமூட்டம் மறைத்துவிடும். பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது நல்லதே. பாதை லயன் வாசல்களால் போகிற இடங்களில் படமெடுக்கும் முன் வணக்கம் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். மன்னார் என்று சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லப்போவதைக் கேட்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் ஆறு மணிக்கென்றால் நாலு மணிக்கே அந்த வாசலில் இருங்கள்.