களவும் கொலையும்

பஞ்சசீலத்துள் முதலாவது கொல்லாமை. இரண்டாவது, கொடாததைக் கொள்ளாமை. பொருளைக் காக்கும்பொருட்டு உயிரை வாங்கலாமோ என்று வினவினால், ஆகாது என்றே எவரும் விடை கூறுவர். ஆயினும் வாயால் ஆகாதென்பார் கையால் அதனைச் செய்வர் என்பது, பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் வெளிப்பட்டது.

கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டியைக் கடந்து செல்வோர் அறிந்த மலைநாடு அது. அங்கே குறும்பர் குடியிற் பிறந்த மது என்பார் மனநலங் குன்றி, ஊரை நீங்கிக் காட்டுக் குகையில் வாழ்ந்துவந்தார். கடைகளில் அரிசியும் பிற உணவுப் பண்டங்களும் திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டத்தார் காட்டினுட் புகுந்து அவரைப் பிடித்தனர். கைகளைக் கட்டி, முக்காலி வரை நடத்திக் கொணர்ந்து அடித்தனர். கட்டுண்டு நின்றவரோடு தம் முகமும் விழுமாறு கைப்பேசியிற் படமெடுத்துக் கொண்டாரும் உளர். போலீஸாரிடம் ஒப்புவிக்கப்பட்டவர் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே உயிர் நீத்தார்.

அவர் எடுத்தது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். எடுத்ததெல்லாம் களவாகுமோ? விநய பிடகம் இதனை நுணுகி ஆராய்கிறது. பொருள் பிறருடையதாதல் வேண்டும். அஃது அவ்வாறென எடுப்பவன் அறிந்திருத்தல் வேண்டும். திருடும் எண்ணம் அவன் உள்ளத்தில் இருத்தல் வேண்டும். சித்தம் கலங்கியவனுக்கும் வேதனையால் நிலைதடுமாறியவனுக்கும் குற்றமில்லை என்று சங்கத்தின் விதிகளே விலக்களிக்கின்றன. துறவியர்க்கு இயற்றிய கடுவிதியே இத்துணை இரக்கங் காட்டுமாயின், பசித்த பித்தர் ஒருவர்மீது கடைத்தெரு கொண்ட சினத்துக்கு எந்நூலில் இடமுண்டு?

இன்னொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. சீலத்தை ஏற்கிறேன் என்று அவரவர் தம் வாயால் கூறுகிறோம். பிறன் அதனைக் கைக்கொள்ளுமாறு செய்வேன் என்று நாம் கூறுவதில்லை. தன் கையைத் தான் அடக்குதற்கு ஏற்ற விரதத்தைப் பிறன் முதுகில் வீசும் கோலாக்கினால், அப்பொழுதே அது சீலமாகாது. அக்கூட்டத்தார் இரண்டாம் சீலத்தைக் காப்பதாக எண்ணினர்போலும். அவர்கள் கையில் முறிந்தது முதற் சீலம்.

சிறு கடைக்காரருக்கு ஒரு படி அரிசியும் நட்டமன்றோ என்பார் உளர். ஆம், நட்டமே, நாம் அதனை இகழவில்லை. அதற்கு மாற்றும் நம் நூல்களிலேயே உண்டு. தீக நிகாயத்துச் சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில், அரசன் ஏழைகட்குப் பொருளீயாது விட்டமையால் வறுமை பெருகிற்று என்றும், வறுமையாற் களவும், களவால் ஆயுதமும், ஆயுதத்தாற் கொலையும் பெருகின என்றும் பகவன் முறைப்படுத்திக் காட்டினார். கூடதந்த சூத்திரத்தில் வரும் புரோகிதர், கள்வரைக் கொன்றும் கட்டியும் நாட்டைத் திருத்தவொண்ணாது. உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், ஊழியனுக்குக் கூலியும் கொடுமின் என்று அரசனுக்கு அறிவுறுத்துகிறார். நம் மணிமேகலையோ பசிப்பிணி தீர்த்ததோடு அமையாது, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள்.

இனி, அட்டப்பாடியில் எவருடைய பொருளை எவர் எடுத்தார் என்பதையும் வினவ வேண்டும். 1951-இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர். பின்னர்க் கேரளத்தின் பிற பகுதியினரும் தமிழ்நாட்டினரும் வந்து குடியேற, அவர்கள் பாதிக்கும் குறைந்தனர். கைமாறிய நிலங்களை மீட்டளிக்க 1975-இல் கேரளம் சட்டம் இயற்றியது. அது பல்லாண்டு நிறைவேறாது கிடக்க, 1999-இல் வேறொரு சட்டம் வந்தது. நிலத்தை எடுத்தவரை எக்கூட்டமும் கைகட்டி முக்காலிக்கு நடத்திச் சென்றதில்லை. பிறப்பைச் சுட்டியே ஒருவனைக் கள்வன் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் ஒழிந்தும், அந்தக் கண் இன்னும் மூடவில்லை.

வழக்கு மன்னார்க்காட்டுத் தனி நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சிகளுள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் பிறழ்ந்தனர்; நான்காம் சீலம் அங்கே சிதைந்தது. ஒரு சாட்சி, தாம் இருக்கும் காட்சிப்பதிவு திரையில் ஓடக் கண்டும், தமக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றார். அவர் கண்களைச் சோதிக்குமாறு நீதிபதி ஆணையிட்டார். பார்வையிற் குறையில்லை என மருத்துவர் அறிவித்தனர். 2023 ஏப்ரலில் பதினாறு பேருள் பதினால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவருள் பதின்மூவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல். ஏழாண்டு போதுமோ என்று பலர் வாதிட்டனர். நாம் அக்கணக்கிற் புகவில்லை. சாட்சிகள் ஒவ்வொருவராய்ச் சொல் மாறிய அந்நாள்களிலும், மதுவின் தாயும் உடன்பிறந்தாளும் வழக்கைக் கைவிடவில்லை.