நடு சீட்டு யாருக்கு?

ஒரு வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்ததும் முதலில் வந்து விழுகிற கேள்வி, "எவ்வளவு குடுக்குது?" மாடு பிடிக்கப் போகிறவர் கறவையை விசாரிக்கிற அதே தொனி. விலை, நிறம், பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். எங்கள் வீட்டில் சில மாதங்களாகப் பேச்சு வேகன்ஆரைச் சுற்றியே ஓடுகிறது. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் லிட்டருக்கு எவ்வளவு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதில் யார் யார் போகப்போகிறீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மைலேஜ் கதையை முதலில் முடித்துவிடலாம். ஒரு லிட்டர் இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு லிட்டருக்கு 24 கிலோமீட்டர் சொச்சம். அது சோதனைக்கூடத்தில் உருளைமேல் சக்கரத்தைச் சுற்றவிட்டு எடுப்பது. பெரம்பூர் நெடுஞ்சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஏசியும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் 16 கிடைப்பதே பெரிய விஷயம். சரி, 16 என்றே வைப்போம். மாதம் 500 கிலோமீட்டருக்கு 31 லிட்டர். இன்னும் சிக்கனமான ஒரு வண்டி 20 கொடுத்தால் 25 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நிற்கும் ஊரில் இந்த வித்தியாசம் மாதம் அறுநூறு ரூபாய். இதற்காகத்தான் டீக்கடையில் அரை மணி நேரம் விவாதம் நடக்கிறது.

இனி யாரும் போடாத கணக்கு. நான் பார்த்துவைத்த மாடல் ஆன்ரோடு ஏழு லட்சத்தைத் தொடுகிறது. எட்டு வருஷம் ஓட்டி இரண்டரை லட்சத்துக்குக் கொடுத்தால் நாலரை லட்சம் கரைந்திருக்கும். மாதத்துக்கு 4,700 ரூபாய், வண்டி வாசலிலேயே நின்றாலும். இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் மாதம் பத்தாயிரம். அதே பத்தாயிரத்துக்குக் கால் டாக்ஸி வைத்து அம்மாவை எலும்பு டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் அழைத்துப் போய்விட்டு, ஒருநாள் மகாபலிபுரமும் போய்வரலாம். கணக்குப்படி எங்களைப் போன்ற வீடு கார் வாங்கக் கூடாது. இதை ஒத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். சிக்கனத்துக்காகக் கார் வாங்கினேன் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம்.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? பாதிக் காரணம் பஸ் நிலையம். எங்கள் பூர்வீகம் பண்ருட்டிப் பக்கம். கோயம்பேட்டில் ஏறிப் படுத்தால் ஊர் வந்துவிடும் என்ற காலம் ஒன்று இருந்தது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தெற்கே போகிற பஸ்கள் அங்கே போய்விட்டன. மாதவரத்திலிருந்தும் கொஞ்சம் உண்டு. எங்கள் நேரத்துக்கு அமைவது அபூர்வம். பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே ஒரு பயணம். நகருக்கு நெரிசல் குறையட்டும் என்று செய்தது நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் கிளம்பினால், ஒவ்வொரு நடைமேம்பாலத்தின் படிகளையும் அவர் எண்ணி நமக்குச் சொல்வார்.

மீதிப் பாதி அந்த முட்டியேதான். ஷோரூமில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கில் அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தோம். அவர் ஒரு கையால் கூரை விளிம்பைப் பிடித்து, தலையைக் குனிந்து, பாதி வழியில் முட்டி மறுத்ததும் மீதித் தூரத்தைத் தொப்பென்று விழுந்து கடந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அடுத்து வேகன்ஆர். கதவைத் திறந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். சீட்டு, வீட்டு நாற்காலி உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தார். அப்புறம் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார், அடுத்ததை எடுத்து வைத்தார். "இதுல குனிய வேணாம்டா" என்றார். சேல்ஸ்மேன் தம்பி தொடுதிரையையும் ப்ளூடூத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கவனிக்கவில்லை.

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் இரண்டின் உயரமும் 1,520 மில்லிமீட்டர். வேகன்ஆர் 1,675. ஆறு அங்குலம் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஆறு அங்குலத்துக்குப் பின்னால் ஜப்பானிய அரசாங்கத்தின் வரிச் சட்டம் இருக்கிறது. அங்கே 'கெய்' என்று ஒரு சிறு வண்டி வகை உண்டு; நீளம், அகலம், இன்ஜின் எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு. வரம்புக்குள் நின்றால் வரிச் சலுகை. நீளவும் அகலவும் வழியில்லாததால் மேலே போனார்கள். காலை நீட்டி உட்காருகிறவரை நிமிர்த்தி உட்காரவைத்தால் குறைந்த நீளத்துக்குள் முழங்காலுக்கு இடம் கிடைக்கும் என்பதுதான் சூட்சுமம். 1993இல் சுஸுகி அங்கே கொண்டுவந்த வேகன்ஆர் அப்படிப் பிறந்தது. இங்கே 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது; அடுத்த வருஷக் கடைசியில் வேகன்ஆர். தீப்பெட்டி என்று கேலி செய்தவர்களே பின்னால் வாங்கினார்கள்.

நம் சட்டமும் சளைத்ததில்லை. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்ன இன்ஜின் வண்டிக்கு வரியைக் குறைத்தார்கள். அதன் பிறகு எத்தனை நல்ல கார்களின் வாலை அந்த நான்கு மீட்டருக்காக ஒட்ட நறுக்கினார்கள் என்று தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன் செஸ் உட்பட 29. எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பேச்சு விழித்ததும் அப்போதுதான். என் ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் எவ்வளவு பங்கு என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

இந்தத் தெருவும் ஒரு பங்கு கேட்கிறது. எங்கள் வாசலில் கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் இடையே பன்னிரண்டரை அடி. இஞ்ச் டேப் வைத்துப் பலமுறை அளந்தாயிற்று. அளக்க அளக்க வளர்கிற இடமில்லை அது. வேகன்ஆர் 3,655 மில்லிமீட்டர், அதாவது சரியாகப் பன்னிரண்டு அடி. உள்ளே விட்டு கேட்டைச் சாத்திவிடலாம். நான்கு மீட்டர் வண்டி பதின்மூன்று அடியைத் தாண்டும். அதன் மூக்கு தெருவில்தான் இருக்கும். தெருவில் வண்டி நிறுத்தும் தகராறில் இருபது வருஷ சிநேகம் முறிந்த இரண்டு வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஆக உயரம் சரி, நீளம் சரி. இடிப்பது அகலத்தில். 1,620 மில்லிமீட்டர், அதுவும் வெளியளவு. டெஸ்ட் டிரைவுக்குப் போனபோது முன்னால் நானும் அம்மாவும். பின்னால் என் மனைவி, மகள், சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. கணவர் போன பிறகு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். மூவரும் ஏறி உட்கார்ந்ததும் தலைக்கு மேலே ஒரு முழம் காலி, தோளுக்குத் தோள் இடைவெளி இல்லை. நடுவில் மனைவி. யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை. சித்தி வயதானவர், மகளுக்கு ஜன்னல் வேண்டும், அவளாகவே நடுவில் போய்விட்டாள். இரண்டு தோள்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அஞ்சு பேர் தாராளமாக உட்காரலாம் என்று விளம்பரம் சொல்வதில், தாராளமாக உட்காராத அந்த ஒருவர் யார் என்பதை ஒவ்வொரு வீடும் பேசாமலே முடிவு செய்துவைத்திருக்கிறது. பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்.

அம்பாசடரில் எட்டுப் பேர் போனோமே என்று மச்சான் ஆரம்பித்தார். போனோம்தான். முன்பக்கமும் முழு நீள சீட்டு, மடியில் குழந்தைகள், காலடியில் பலாப்பழம். அந்த வண்டியை நினைத்து உருகுகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு, ஆனால் பெல்ட் இல்லாமல் போன காலத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இப்போது பின்சீட்டுக்கும் பெல்ட் போடச் சட்டம் இருக்கிறது. ஐந்து பெல்ட் என்றால் ஐந்து பேர். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பில் இந்த வண்டிக்கு நல்ல பெயரில்லை, அதையும் மறைக்கக் கூடாது. 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திரம், குழந்தைகளுக்குப் பூஜ்யம். கூடு உறுதியாக நிற்கவில்லை என்றார்கள். 2025இல் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக் வந்தது நல்லதே. ஆனால் பலூன் வேறு, கூடு வேறு. டாடா பஞ்ச் 2021இலேயே அதே அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. உயரத்திலும் பெரிய குறையில்லை. எங்கள் பன்னிரண்டரை அடிக்குள்தான் அது அடங்காது. எண்ணூறு கிலோவைச் சுற்றி நிற்கிற எடைதான் வேகன்ஆரின் மைலேஜுக்கு ஒரு பெரிய காரணம். தகரத்தைத் தட்டிப் பார்த்த மச்சான், "மாப்ளே, ஊருக்குள்ள ஓட்ட இது போதும். ஹைவேயில யோசி" என்றார். அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்று.

சிஎன்ஜி பேச்சு ஒரே நாளில் முடிந்தது. கிலோவுக்கு 34 கிலோமீட்டர் என்று கேட்டதும் மகளுக்குக்கூட ஆசை வந்தது. டிக்கியைத் திறந்தால் சிலிண்டர் குறுக்கே படுத்திருந்தது. பெட்ரோல் வண்டியில் 341 லிட்டர் இடம். இதில் இரண்டு பையைச் செருகலாம். இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் ஒளித்துவைக்கும் ஏற்பாடு டாடாவிலும் ஹூண்டாயிலும் உண்டு. இதில் இல்லை. பண்ருட்டிக்காரர்கள் பலாச் சீசனில் டிக்கி இல்லாத வண்டியில் ஊருக்குப் போனால் உறவே போச்சு.

எனக்கு உண்மையில் உறுத்துவது சித்தி விஷயம். பஸ்ஸில் போன வரைக்கும் எங்கள் பயணத்துக்கு எண்ணிக்கை கிடையாது. கிளம்பும் முந்தின நாள் சித்தி வந்து, "தம்பி, நானும் வரேன்டா" என்பார். ஒரு டிக்கெட் கூடுதல், அவ்வளவுதான். சில சமயம் மச்சான் மகன் வருவான், ஒருமுறை மாடியில் குடியிருந்தவரின் தாயார் திண்டிவனம் வரை வந்தார். கார் வந்துவிட்டால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தலை எண்ண வேண்டும். "இந்தத் தடவை இடம் இல்ல சித்தி" என்று ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த தடவை அவராகவே கேட்க மாட்டார். கேட்காததை நாங்களும் கவனிக்க மாட்டோம். கார் வாங்கிய உறவினர் வீடுகளில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை, சீட்டுகளே சொல்லிவிட்டன.

அதனால் பெரிய வண்டி வாங்கலாம் என்கிறீர்களா? ஏழு சீட்டு வண்டி வாங்கி வருஷம் முழுக்க ஐந்து காலி சீட்டுகளைப் பெரம்பூர் நெரிசலில் சுமந்து போகிற தைரியம் எனக்கில்லை. வருஷத்தில் நாலு நாள் வரும் கூட்டத்துக்காக மீதி நாளெல்லாம் பெரிய வண்டிக்குத் தீனி போடுவதைவிட, அந்த நாலு நாளுக்கு டிரைவரோடு ஒரு இன்னோவாவை வாடகைக்குச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் இந்தப் பன்னிரண்டடி வண்டி. ஹைவே பற்றிய மச்சானின் யோசனைக்கும் அது பதிலாகிறது. சித்தியிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். "அதுல முன்னாடி சீட்டு எனக்குத்தான். பின்னாடி உட்காந்தா குமட்டும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் முட்டியைத் தடவிக்கொண்டார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆக, பெட்ரோல் வேகன்ஆர் என்று முடிவாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்பணம் கட்டக் கிளம்பிய காலை மனைவி, "ஏங்க, கியர் இல்லாத மாடல் இருக்குல்ல, அது எவ்வளவு கூட?" என்று கேட்டாள். அரை லட்சம் போல, என்றேன். கிளச் இல்லாவிட்டால் தான் ஓட்டக் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். இவ்வளவு வருஷமாக ஸ்கூட்டியில் கொளத்தூருக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறவள். தினமும் ஓடினால் என் கணக்கில் வாசலில் நின்றே கரைகிற அந்த 4,700 ரூபாய்க்கும் ஒரு வேலை கிடைக்கும். "அப்போ எல்லாரும் போறப்ப நடுவுல யாரு உட்கார்றது?" என்று மகள் கேட்டாள். "உங்கப்பா" என்றாள். அரை லட்சத்தை எங்கிருந்து புரட்டுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.