படகோட்டியின் கொல்லாமை

ஒடிசாவின் சிலிகா காயலை ஒட்டி, நாணல் மண்டிய சதுப்பின் ஓரத்தில் இருக்கிறது மங்களாஜோடி. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் அங்கே வந்து இறங்கும். பார்க்க வருபவர்களைப் படகில் ஏற்றி, மூங்கில் கழி ஊன்றி, பறவை மிரளாத தூரத்தில் நிறுத்திக் காட்டுகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே பறவைகளைக் கொன்று விற்றவர்கள். வலையிலும் நஞ்சிலும் விழுந்த பறவைகள் சந்தைக்குப் போயின, முட்டைகளும் தப்பவில்லை. 2000இல் ஊரில் மகாவீர் பக்ஷி சுரக்ஷா சமிதி என்ற காவல் அமைப்பு தொடங்கியது. பிறகு படகுப் பயணமே பலருக்குப் பிழைப்பாயிற்று. இன்று கூலி தருவது உயிரோடிருக்கும் பறவை. அப்படியானால் அந்தப் படகோட்டியின் கொல்லாமை அறமா, தொழில் மாற்றம் மட்டும்தானா?

தொழில் மாற்றம்தான் என்பவர்களின் வாதம் லேசானதல்ல. வாடிக்கை கெடக்கூடாதென்று சரியான விலை சொல்லும் கடைக்காரரின் செயல் கடமைக்குப் பொருந்தியதே தவிர, கடமையுணர்வில் பிறந்ததல்ல என்றார் இம்மானுவேல் கான்ட். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணமும் கை ஓய்ந்தால் போதுமென்று விடுவதில்லை. மனத்திலும் வாக்கிலும் அதைக் கேட்கிறது. ஆனால் இந்த அளவுகோல் ஒரு செயலை அது தொடங்கிய கணத்தில் வைத்தே எடைபோடுகிறது. மனம் பழக்கத்தாலும் உருவாகிறது. நேர்மையானவற்றைச் செய்து செய்தே ஒருவர் நேர்மையாளராகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னது அதைத்தான். எந்தப் பறவை எங்கே மேயும், எந்தச் சத்தத்துக்குப் பறக்கும் என்ற வேட்டைக்காரரின் அறிவு, இப்போது நாள்தோறும் அதைக் கலைக்காமலிருக்கப் பயன்படுகிறது. அப்படிப் பழகிய கண் பழைய கண்ணாகவே இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. வேடந்தாங்கல் ஊராரும் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமென்று தெரிந்தே பறவைகளைக் காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியரிடம் முறையிட்டு அதற்கு உத்தரவும் பெற்றார்கள். பயனில் தொடங்கியது என்பதற்காக அவர்கள் பரிவைப் பொய் என்று யார் சொல்வார்கள்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பயணிகள் வருவது நின்றால் வலை திரும்பி வரும். வருமானத்தில் தொங்குகிற அறத்தை எப்படி நம்புவது? இந்தப் பலவீனம் உண்மையானது. ஆனால் அதைப் படகோட்டியின் நெஞ்சில் மட்டும் தேடுவது நியாயமில்லை. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கொல்பவரோடு நிற்கவில்லை. தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லையென்று வாங்குபவரையும் கணக்கில் சேர்த்தார். அன்று சந்தையில் பறவை வாங்கியவர் கொலையில் பங்காளி என்றால், இன்று படகில் ஏறுபவர் கொல்லாமையில் பங்காளி. அது நிலைப்பதும் குலைவதும் அவரையும் பொறுத்தது. படத்துக்காக இன்னும் கிட்டே போகச் சொல்லும் பயணியை நினைத்துப் பார்க்கலாம். வசந்தத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டிய மூக்கன் அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. அதை அடிக்கடி எழுப்பிவிடுவது மேயும் நேரத்தையும் தெம்பையும் பறிப்பது. அங்கே மறுக்கும் படகோட்டி அன்றைய அன்பளிப்பை இழக்கக்கூடும். லாபத்துக்காக மட்டும் கொல்லாதிருப்பவர் கழியை ஊன்றி முன்னே தள்ளிவிடுவார். மறுக்கிறவரிடமோ கான்ட் கேட்டதும் இருக்கிறது. அந்த மறுப்புக்கு முகம் சுளிக்காமல் முழுக்கூலி கொடுப்பது படகில் உட்கார்ந்திருப்பவரின் பங்கு.